கைத்தொழில் ஆராய்ச்சியும் நாடுகளின் கூட்டு முதலும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இன்றைய கூட்டத்துக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் பணம் பற்றியது; அதிலும் பொதுப் பணம் பற்றியது. மக்கள் வரியாகச் செலுத்தும் பணத்தை, பல நாட்டு அரசாங்கங்கள் ஒன்றுகூடி, தனியார் தொழிற்சாலைகளின் ஆராய்ச்சிக்குக் கொடுத்து வருகின்றன என்று சொன்னால், கேட்போர் மனத்தில் இரண்டு ஐயங்கள் எழும். தொழிற்சாலை இலாபத்துக்காக நடப்பது. அதற்கு மக்கள் பணம் எதற்கு என்பது ஒன்று. நம் நாட்டுப் பணம் அயல் நாட்டானுக்கும் பயன்படும் காரியத்துக்கு ஏன் போகவேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் நியாயமான ஐயங்களே. இவற்றுக்கு விடை தேடுவதே இப்பேச்சின் நோக்கம்.

ஐரோப்பிய நாடுகள் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக இக்காரியத்தைச் செய்து பார்த்துள்ளன. சிலவற்றில் வென்றன, சிலவற்றில் நன்றாகத் தோற்றன. அவர்களுடைய கணக்கேட்டைச் சற்றே புரட்டினால் நமக்கும் சில பாடங்கள் கிடைக்கும் என்பது நமது எண்ணம்.

முதலாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு தொழிலதிபர் புதிய பொறியொன்றைக் கண்டுபிடிக்கப் பத்து ஆண்டு உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்டுபிடித்தபின், அப்பொறியை விலைக்கு வாங்கும் எவரும் அதைக் கழற்றிப் பார்த்து அதன் சூட்சுமத்தில் ஒரு பகுதியையாவது அறிந்துகொள்வர். அவரிடம் வேலை பழகிய பொறியியலாளர் வேறோர் ஆலைக்குப் போவார். போகும்போது அறிவும் கூடவே போகும். அறிவு என்பது தோட்டத்து வாய்க்கால் நீர் போன்றது. எத்தனை அணை கட்டினாலும் அயலான் பாத்திக்கும் கொஞ்சம் கசியும். ஆகவே, செலவு முழுவதும் ஒருவருடையது, பயன் பலருடையது என்று ஆகிறது. அப்படியானால் தனியொருவர் தம் சொந்த இலாபத்தை மட்டும் கணக்கிட்டு எவ்வளவு ஆராய்ச்சி செய்வார்? நாட்டுக்கு வேண்டிய அளவிலும் குறைவாகவே செய்வார். இதனை அமெரிக்கப் பொருளியலறிஞர்களான றிச்சர்ட் நெல்சன் 1959-ம் ஆண்டிலும், கென்னத் அரோ 1962-ம் ஆண்டிலும் எடுத்துக்காட்டினர். குறைவுபடும் அந்தப் பங்கை நிரப்புவதற்கே அரசாங்கம் பணம் கொடுக்கிறது.

ஆனால் எவ்வளவு கொடுக்கலாம்? இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் ஆராய்ச்சியை மூன்று படிகளாகப் பிரிக்கின்றன. இயற்கையின் உண்மையை அறிவதற்கான அடிப்படை ஆராய்ச்சிக்குச் செலவு முழுவதையும் அரசாங்கம் ஏற்கலாம். தொழிலுக்குப் பயன்படும் புதிய அறிவைத் தேடும் கைத்தொழில் ஆராய்ச்சிக்குப் பொதுவிதியாக நூற்றுக்கு 50 பங்கு. சந்தைக்கு அண்மித்த பரிசோதனை வேலைக்கு நூற்றுக்கு 25 பங்கு. சிறிய கம்பனிகளுக்கும் கூட்டு முயற்சிகளுக்கும் இதற்குமேல் ஓரளவு கூட்டிக் கொடுக்க இடமுண்டு. பண்டம் சந்தையை நெருங்க நெருங்க, அரசாங்கத்தின் கை பின்வாங்குகிறது. முதலாளியின் கை முன்வருகிறது. இலாபம் எவருக்குச் சேருமோ அவரே செலவிற் பெரும்பங்கை ஏற்கவேண்டும் என்பது இவ்விதியின் உட்கருத்து.

இனி இரண்டாவது ஐயத்துக்கு வருவோம். ஏன் எல்லை கடந்து கொடுக்கவேண்டும்?

1980-ம் ஆண்டளவில் மேற்கு ஐரோப்பாவின் நிலை இது: இலத்திரனியற் கைத்தொழிலில் அமெரிக்காவும் யப்பானும் வெகுதூரம் முன்னேறிவிட்டன. பிரான்சு தன் கம்பனிக்குத் தனியே பணம் கொடுத்தது. இங்கிலாந்து தன் கம்பனிக்குத் தனியே கொடுத்தது. ஜேர்மனியும் இத்தாலியும் அவ்வாறே செய்தன. ஒரே ஆராய்ச்சி நாலு இடத்தில் நடந்தது. நாலு இடத்திலும் அரைகுறையாக நின்றது. ஒவ்வொரு நாட்டின் சந்தையும் சிறிது; ஒவ்வொரு நாட்டின் பணப்பையும் சிறிது.

அக்காலத்தில் ஐரோப்பிய ஆணைக்குழுவிற் கைத்தொழிற் பொறுப்பை வகித்தவர் பெல்ஜிய நாட்டவரான எற்றியன் டவின்யோன். அவர் பன்னிரண்டு பெரிய கம்பனிகளின் தலைவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்தார். சீமென்ஸ், பிலிப்ஸ், தொம்சன், ஒலிவெற்றி, ஐ. சீ. எல். முதலியன அவற்றுட் சில. ஒருவரையொருவர் போட்டியாளராக மட்டுமே கண்டு பழகியவர்கள் இவர்கள். சந்தையில் மோதிக்கொள்ளுங்கள், ஆனால் சந்தைக்கு முந்திய ஆராய்ச்சியை ஒன்றாகச் செய்யுங்கள் என்பதே அவர் முன்வைத்த யோசனை. அதிலிருந்து பிறந்தது 1984-ம் ஆண்டு தொடங்கிய எஸ்பிரிற் என்னும் திட்டம். அதன் முதற் கட்டத்துக்கு 150 கோடி எக்கு ஒதுக்கப்பட்டது. எக்கு என்பது யூரோவுக்கு முன்னிருந்த ஐரோப்பிய நாணய அலகு. அதிற் பாதியைப் பொதுப் பணம் கொடுத்தது. மறு பாதியைக் கம்பனிகள் தாமே போட்டன. குறைந்தது இரண்டு நாடுகளைச் சேர்ந்த கம்பனிகள் கூடி விண்ணப்பித்தாலன்றிப் பணம் இல்லை என்பது விதி.

இவ்விதியின் பயனைக் கவனியுங்கள். பணம் கொடுத்தவர்கள் ஒரு பொறியை மட்டும் வாங்கவில்லை. கூடி வேலை செய்யும் பழக்கத்தையும் வாங்கினார்கள். அயல்நாட்டு ஆய்வுகூடத்தில் உள்ளவனின் பெயரும் முகமும் தெரியாதிருந்த பொறியியலாளர், அவனோடு ஒரே மேசையில் அமர்ந்து கணக்குப் போடக் கற்றார். ஆண்டுக் கணக்கறிக்கையில் இந்த இலாபத்துக்கு ஒரு வரி இல்லை. ஆயினும் இதுவே பெரிய இலாபம் என்பதைப் பின்னாற் காண்போம்.

நாடுகள் கூடிப் பணம் போடும்போது, யார் எவ்வளவு போடுவது, யார் எவ்வளவு எடுப்பது என்ற கேள்வி உடனே எழும். யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்றின் வழக்குகளை அறிந்த பெரியோர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கிணறு பொது, இறைப்பு முறை தனித்தனி, முறை பிசகினால் வழக்கு. உலக நாடுகள் இவ்வழக்கைத் தீர்க்க நாலு வழிகளைக் கையாண்டுள்ளன.

முதல் வழியைச் சீட்டு முறை எனலாம். 1975-ம் ஆண்டு நிறுவப்பட்ட ஐரோப்பிய விண்வெளி அமைப்பு இவ்வழியிற் செல்கிறது. ஒரு நாடு எவ்வளவு பணம் கட்டுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு பெறுமதியான வேலை அந்நாட்டுக் கம்பனிகளுக்குத் திரும்பிவர வேண்டும். இதனால் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் ஒரு குறை உண்டு. வேலை, அதிற் சிறந்தவனுக்குப் போகாமல், முறைக்கு உரியவனுக்குப் போய்விடலாம்.

இரண்டாவது, பொதுப் பெட்டி முறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரிய ஆராய்ச்சித் திட்டங்கள் இம்முறையின. இப்போது நடைபெறும் ஹொறைசன் ஐரோப்பா என்னும் திட்டம் 2021 முதல் 2027 வரைக்குரியது. தொடக்கத்தில் அதற்கு வகுக்கப்பட்ட தொகை 9,550 கோடி யூரோ. எல்லா நாட்டுப் பணமும் ஒரே பெட்டியில் விழுகிறது. வரும் விண்ணப்பங்களைத் தனி வல்லுநர் குழுக்கள் ஆராய்ந்து புள்ளியிடுகின்றன. கூட்டு ஆராய்ச்சிகளுக்குப் பொதுவாக மூன்று வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த மூன்று நிலையங்களாவது சேரவேண்டும். சிறந்த விண்ணப்பம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் பணம் அதற்கே. தகுதிக்கு மதிப்புத் தரும் முறை இது. ஆனால் ஆய்வுகூடமும் பழக்கமும் உள்ள நாடுகளே மேலும் மேலும் வெல்லும். புதிதாக வந்த நாடுகள் வாசலிலே நிற்கும். விண்ணப்பம் எழுதுவதே ஒரு தனிக் கலையாகி, சிறிய கம்பனிகளை மலைக்க வைக்கிறது என்ற முறைப்பாடும் உண்டு.

மூன்றாவது வழி, பணத்தை எல்லை கடக்க விடாமல் அறிவை மட்டும் கடக்க விடும் வழி. இது யுரேக்கா எனப்படும். நீர்த்தொட்டியிலே உண்மையைக் கண்டு ஆர்க்கிமிடீஸ் கூவிய சொல்லே இதற்குப் பெயராயிற்று. அமெரிக்க சனாதிபதி றேகன் 1983-ம் ஆண்டு விண்வெளிப் பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்தார். அதன் பெரும் பணம் ஐரோப்பிய விஞ்ஞானிகளையும் கம்பனிகளையும் இழுத்துச் சென்றுவிடும் என்று அஞ்சிய பிரெஞ்சு சனாதிபதி மித்தெறான், 1985-ம் ஆண்டு இவ்வமைப்பை முன்மொழிந்தார். அவ்வாண்டு யூலை மாதத்திற் பரிஸ் நகரிற் பதினேழு நாடுகளும் ஐரோப்பிய ஆணைக்குழுவும் கூடின. நவம்பர் மாதத்தில் ஹனோவர் நகரில் அதன் கொள்கைகள் வகுக்கப்பட்டன.

யுரேக்காவிற் பெரிய பொதுப் பெட்டி கிடையாது. எதை ஆராய்வது என்பதைத் தலைநகரத்து அதிகாரிகள் சொல்வதில்லை. தொழில் செய்பவர்களே சொல்கிறார்கள். இரு நாட்டுக் கம்பனிகள் கூடி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தால், அது தகுதியுடையதெனக் கண்டு யுரேக்கா தன் முத்திரையை இடும். அதன்பின் ஒவ்வொரு நாடும் தன் கம்பனிக்குத் தன் பையிலிருந்தே உதவும். "என் பணம் உன் நாட்டுக்குப் போகிறதே" என்ற சண்டைக்கு இங்கு இடமில்லை. ஆனால் ஒரு நாடு சம்மதித்து மற்ற நாடு தாமதித்தால், வண்டியின் ஒரு மாடு நடக்க மற்ற மாடு படுத்தது போலாகும். இக்குறையை நீக்கவே, சிறிய ஆராய்ச்சிக் கம்பனிகளுக்கென 2008-ம் ஆண்டில் யூரோஸ்ராஸ் என்னும் திட்டம் அமைந்தது. நாடுகள் 30 கோடி யூரோவும், ஐரோப்பிய ஒன்றியம் 10 கோடி யூரோவும் தருவதென ஏற்பாடு. விண்ணப்பங்களைப் பொதுவான குழு ஒன்றே வரிசைப்படுத்தும். அவ்வரிசைப்படி நாடுகள் தத்தம் பணத்தைக் கொடுக்கும்.

நாலாவது வழி அமெரிக்காவும் இஸ்ரேலும் 1977-ம் ஆண்டிற் கண்டது. இரு அரசாங்கங்களும் கூடி ஒரு மூலதன நிதியை நிறுவின. அது பின்னர் 11 கோடி டொலராக வளர்ந்தது. அம்முதலின் வட்டியையும் திரும்பிவரும் பணத்தையும் கொண்டே காரியம் நடக்கிறது. ஒரு நாட்டுக் கம்பனியும் மற்ற நாட்டுக் கம்பனியும் கூடி ஒரு பண்டத்தை உருவாக்க முன்வந்தால், செலவிற் பாதிவரை நிதி கொடுக்கும். பண்டம் விற்பனையானால், விற்பனைப் பணத்திலிருந்து ஒரு வீதத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டும். முயற்சி தோற்றால் திருப்பத் தேவையில்லை. வென்றவன் தரும் பணம் அடுத்தவன் முயற்சிக்கு வித்தாகிறது.

இந்நாலு வழிகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. ஆனால் ஏதோ ஒரு வடிவத்தில் ஒரு பொது இயல்பு இவற்றில் இருக்கிறது. வெறுங்கையோடு வருபவருக்கு இவற்றில் இடம் மிகக் குறைவு. பணமோ, ஆய்வுகூடமோ, தேர்ந்த ஆட்களோ, தன் பங்கு என்று ஒன்றைக் கொண்டுவந்தவனே பந்தியில் அமர்கிறான். இதை மனத்தில் இருத்திக்கொண்டு, இப்பணத்தின் விளைச்சலைப் பார்ப்போம்.

முதலிற் தோல்வியைச் சொல்லிவிடுவோம். 1986-ம் ஆண்டு யப்பான் தனது புதிய உயர்தரத் தொலைக்காட்சி முறையை உலகப் பொது முறையாக்க விரும்பிற்று. ஐரோப்பா அதனைத் தடுத்துத் தானே ஒரு முறையை உருவாக்க முற்பட்டது. பிலிப்ஸ், தொம்சன், பொஷ் முதலிய கம்பனிகள் யுரேக்காவின் கீழ் ஒன்றுகூடி எச். டி. மக் என்னும் முறையை அமைத்தன. அரசாங்கங்கள் பணம் கொடுத்தன, சட்டமும் துணைநின்றது. 1992-ம் ஆண்டு பார்சிலோனாவில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டுக்களை இம்முறையில் ஒளிபரப்பி, பொது இடங்களில் வைத்த பெட்டிகளில் மக்களுக்குக் காட்டினார்கள். படம் அழகாகவே இருந்தது. ஆனால் அதற்கு இரண்டாண்டுக்கு முன்னரே, 1990-ம் ஆண்டில், அமெரிக்கக் கம்பனியொன்று படம் முழுவதையும் எண்களாக மாற்றி அனுப்பும் முறையை அறிவித்துவிட்டது. அதன் முன் ஐரோப்பிய முறை பிறந்த அன்றே முதுமையடைந்தது. பெட்டியின் விலையோ சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது. மேலும் பெருந்தொகை கொட்ட இங்கிலாந்து இணங்கவில்லை. 1993-ம் ஆண்டில் முயற்சி கைவிடப்பட்டது.

இங்கே பிழை எங்கே? ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது பிழையன்று. விடை இன்னதுதான் என்று அரசாங்கங்கள் முன்கூட்டியே முடிவு செய்து, அவ்விடையைச் சட்டத்தாற் காக்க நினைத்ததே பிழை. பொதுப் பணம் அறிவை வாங்கலாம். வாடிக்கையாளனை வாங்க முடியாது.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. கூடி வேலை செய்த பழக்கம் ஐரோப்பாவில் எஞ்சியிருந்தது. அதே 1993-ம் ஆண்டு செப்டெம்பரில் ஒலிபரப்பாளர், கம்பனிகள், அரசாங்க அதிகாரிகள் யாவரும் ஒன்றுசேர்ந்து எண்முறை ஒளிபரப்புக்கான டி. வி. பி. என்னும் கூட்டமைப்பைத் தொடங்கினர். இம்முறை யாரும் விடையைச் சட்டத்தாற் திணிக்கவில்லை. சந்தைக்கு வேண்டியது என்ன என்று முதலிற் கேட்டுவிட்டே தொழில்நுட்பத்தை வகுத்தார்கள். அவர்கள் வகுத்த செய்மதி ஒளிபரப்பு முறை உலகெங்கும் பரவிற்று. இன்று நம் ஊர்க் கூரைகளில் வானத்தை நோக்கி நிற்கும் வட்டத் தட்டுக்கள் பெறுவதும் அம்முறையில் வரும் படங்களையே. தோல்வியிலும் மீந்தது எது? நாம் முன்னர் சொன்ன அந்தப் பழக்கமே.

அடுத்து, எண்முறை வானொலிக்காக 1987-ம் ஆண்டு தொடங்கிய யுரேக்கா 147 என்னும் திட்டம். ஒலியைச் சிறு அளவாகச் சுருக்கி அனுப்புவது எப்படி என்பது அதன் கேள்விகளுள் ஒன்று. ஜேர்மனியின் பிரவுன்ஹோபர் ஆராய்ச்சி நிலையமும் ஏர்லாங்கன் பல்கலைக்கழகமும் இக்கேள்வியில் ஈடுபட்டன. மனிதச் செவிக்கு எட்டாத நுண்ணொலிகளை விலக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் காக்கும் வழியை ஆராய்ந்தன. வானொலிக்கென வேறொரு குழுவின் முறையே பின்னர் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆனால் பிரவுன்ஹோபர் குழுவின் வேலை, 1992-ம் ஆண்டளவில் நிறைவுபெற்ற உலகப் பொது விதியில் மூன்றாவது அடுக்காக இடம்பெற்று, எம். பி. 3 என்ற பெயரோடு உலகை வலம்வந்தது. நம் இளைஞர் கைபேசியிற் கேட்கும் பாட்டுக்களுட் பல இவ்வடிவிற் சுருக்கப்பட்டவையே. வானொலிக்கு விதைத்தது பாட்டுப் பெட்டியாய் முளைத்தது.

ஆனால் இதில் ஐரோப்பாவுக்கு ஒரு கசப்பும் உண்டு. உரிமைப் பணம் ஜேர்மனிக்குச் சேர்ந்தது உண்மை. ஆயினும் எம். பி. 3 பாட்டைக் கையிற் கொண்டு செல்லும் சிறு கருவியை 1998-ம் ஆண்டு முதன்முதல் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஒரு தென்கொரியக் கம்பனி. 2001-ம் ஆண்டு வெளியிட்ட ஐபொட் என்னும் கருவியாற் பின்னர் அச்சந்தையைக் கைப்பற்றியது அமெரிக்காவின் அப்பிள் கம்பனி. கண்டவன் ஒருவன், உண்டவன் வேறொருவன். அறிவை உண்டாக்குவது ஒரு வேலை; அவ்வறிவைப் பண்டமாக்குவது மற்றொரு வேலை. முன்னதற்குப் பொதுப் பணம் உதவும். பின்னதற்குத் துணிந்த கையும் விரைந்த காலும் வேண்டும்.

மூன்றாவது எடுத்துக்காட்டு ப்ரொமீதியஸ் என்னும் திட்டம். 1987 முதல் 1995 வரை ஏறக்குறைய 75 கோடி யூரோ செலவில் ஐரோப்பிய மோட்டார்க் கம்பனிகளும் பல்கலைக்கழகங்களும் கூடி, தானே ஓடும் வண்டியை ஆராய்ந்தன. அதில் ஈடுபட்ட மியூனிக் நகரப் பேராசிரியர் ஏர்ன்ஸ்ற் டிக்மன்ஸ், தம் குழுவினருடன் 1995-ம் ஆண்டு ஒரு மெர்சிடீஸ் காரை மியூனிக்கிலிருந்து டென்மார்க்கின் ஓடென்சே நகர்வரை ஓடவிட்டார். கமராவாற் பார்த்து, கணனியாற் கணித்து, நூற்றுக்கு 95 பங்கு தூரத்தை அவ்வண்டி தானாகவே ஓடிற்று. வேகமோ சில இடங்களில் மணிக்கு 170 கிலோமீற்றருக்கு மேல். ஆனால் திட்டம் முடிந்தபோது சந்தையில் வைக்கத்தக்க தானியங்கிக் கார் எதுவும் இல்லை. அன்று ஒரு கணக்காய்வாளரைக் கேட்டிருந்தால், பணம் வீண் என்று எழுதியிருப்பார். இன்று, முன்செல்லும் வண்டியை அறிந்து தானே வேகத்தைக் குறைக்கும் கார்களைக் காண்கிறோம். உலகத்தின் பெரிய கம்பனிகள் அப்பாதையிற் கோடி கோடியாகச் செலவிடுகின்றன. பனங்கொட்டை நாட்டியவன் கிழங்கைக் காலத்தோடு தோண்டலாம். நுங்கு வெட்டப் பல ஆண்டு பொறுக்க வேண்டும். ஆராய்ச்சியிலும் கிழங்கு உண்டு, நுங்கும் உண்டு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக்கூடாது.

இப்போது நாம் தொடக்கத்திற் கேட்ட இரண்டாவது ஐயத்துக்கு விடை கூறலாம். எல்லைக்கு அப்பாற் போகும் பணம், தனியே செய்தாற் கிடைக்காத அறிவை இங்கே கொண்டுவரும். ஆனால் அதை ஏந்திக்கொள்ளப் பாத்திரம் வைத்திருப்பவனுக்கே அது பயன்படும்.

இதைச் செல்வ நாடுகளே அண்மையில் அனுபவித்து அறிந்தன. சுவிற்சர்லாந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான அரசியற் பேச்சு 2021-ம் ஆண்டு முறிந்தது. அதன் விளைவாக அந்நாடு ஹொறைசன் திட்டத்திற் பங்காளி நாடாக நிற்க முடியாது போயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய இங்கிலாந்தும் 2024-ம் ஆண்டு தொடக்கம் வரை வெளியே நின்றது. இரு அரசாங்கங்களும் தம் விஞ்ஞானிகளுக்குத் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தன. பணத்தை ஈடுசெய்ய முடிந்தது. ஆனால் கூட்டுத் திட்டங்களுக்குத் தலைமை தாங்கும் இடத்தைப் பணத்தால் ஈடுசெய்ய முடியவில்லை. சுவிற்சர்லாந்தைவிடப் பணமுள்ள நாடுகள் உலகிற் சிலவே. அந்நாடே மீண்டும் உள்ளே செல்லப் பேச்சு நடத்திற்று என்றால், கூடி வேலை செய்யும் மேசையில் ஓர் ஆசனத்தின் விலை என்ன என்பதை நாம் உய்த்துணரலாம். அரசியற் காற்று மாறினால் அவ்வாசனம் பறிபோகும் என்பதும் இதிலிருந்து கிடைக்கும் இரண்டாவது பாடம்.

இவற்றை ஈழத்துச் சிற்றூர் மண்டபமொன்றில் இருந்துகொண்டு நாம் ஏன் பேசவேண்டும்? காரணம் உண்டு.

தென்கொரியாவை மீண்டும் நினையுங்கள். 1950-ம் ஆண்டுகளில் அது போரினாற் சிதைந்து பிறர் உதவியால் வாழ்ந்த நாடு. அந்நாடு 2009-ம் ஆண்டு யுரேக்காவில் இணைப்பு நாடாகச் சேர்ந்தது. கை ஏந்திச் சேரவில்லை. தன் பங்குப் பணத்தையும் தன் கம்பனிகளையும் கொண்டு சேர்ந்தது. இன்று அந்நாடு தன் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1955-ம் ஆண்டிலேயே விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் கொழும்பிற் சட்டத்தால் நிறுவப்பட்டது. இன்று அது கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் என்ற பெயரில் இயங்குகிறது. 2008-ம் ஆண்டில் அரசாங்கமும் தனியார் கம்பனிகள் சிலவும் கூட்டாகப் பணமிட்டு நனோ தொழில்நுட்பத்துக்கு ஒரு நிலையம் தொடங்கின. பாதி அரசு, பாதி தொழிலதிபர் என்ற அந்த நல்ல வழக்கம் இங்கும் கால்வைத்துவிட்டது என்பதற்கு இது சான்று. ஆயினும், நாடு முழுவதும் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 0.1 பங்கை ஒட்டியே பல ஆண்டுகளாக நிற்கிறது. ஆயிரம் ரூபாவில் ஒரு ரூபா! இந்த ஒரு ரூபாவைக் கொண்டு எந்த மேசையில் நாம் பாதிப் பங்கு போடமுடியும்?

இதன் விளைவு புள்ளிவிபரத்தோடு நிற்பதில்லை. பல்கலைக்கழகத்தில் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து பௌதிகமும் இரசாயனமும் படிப்பவர்களிற் பலர், பட்டம் பெறுமுன்னரே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆய்வுகூடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆராய்ச்சி மாணவன் போவான். வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் நம் பிள்ளை பெறும் சம்பளமும் ஒருவகையில் எல்லை கடந்த பொதுப் பணமே. ஆனால் அதற்கு நாம் போட்ட முதல் நம் பிள்ளை. எடுத்த பங்கோ தபாலில் வரும் காசு மட்டும்.

ஆகவே பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆராய்ச்சிக்குச் செலவு என்ற பேச்சு எழும்போது, "அதனால் அடுத்த ஆண்டு என்ன வரும்?" என்று மட்டும் கேளாதிருங்கள். தோட்டத்துக்குக் கிணறு வெட்டிய நம் முன்னோர் தண்ணீரைக் காணுமுன் எத்தனை அடி கல்லை உடைத்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதேவேளை, எத்தனை அடி தோண்டினோம் என்ற கணக்கைக் கேட்க மறவாதிருங்கள். கேள்வியற்ற பொதுப் பணம் என்ன ஆகும் என்பதை ஐரோப்பியத் தொலைக்காட்சிக் கதை சொல்லிவிட்டது.

இளைஞர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். யுரேக்காவின் முதல் விதி, கேள்வி தொழிற்களத்திலிருந்து வரவேண்டும் என்பது. அதற்குக் கோடிப் பணம் தேவையில்லை. பனம்பண்டம் செய்பவரிடமும், உப்பளத்திலும், மீன் பதனிடும் இடத்திலும், இரும்புப் பட்டறையிலும் போய், "உங்கள் வேலையில் தீராத சிக்கல் எது?" என்று கேட்டு எழுதி வருவோம். எழுதியவற்றைப் பல்கலைக்கழகத்தில் நம் ஆசிரியர்கள் முன் வைப்போம். பத்துக் கேள்விகளில் ஒன்றாவது ஆராயத்தக்கதாக இருக்கும். நம் கையிலுள்ள முதற் பங்கு அதுவே. நல்ல கேள்வியும் அதை ஆராயத் தெரிந்த ஆளும் உள்ள இடத்துக்குத்தான் அயல்நாட்டுப் பங்காளி வருவான். பங்காளி வந்தபின்பே கூட்டுப் பணம் வரும். பணம் வரட்டும், பின்னர் கேள்வியைத் தேடுவோம் என்று இருந்தால், பிறர் கேள்விக்கு நாம் கூலியாளாவோம்.

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது, வடத்திற் கைவைத்தவனுக்கே தேர் நகர்வது தோளில் தெரியும். கரையில் நிற்பவனுக்குத் தூசி மட்டுமே தெரியும். உலக நாடுகள் கூடி இழுக்கும் தேரொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வடம் நீளமானது; நமக்கும் பிடிக்க இடம் உண்டு. முதலில் நம் கையைக் கொண்டு செல்வோம்.